‘இந்தக் காலை இன்னைக்கு நான் அழுத்த மாட்டேன்மா!’

செருப்பு கழன்று விழுந்தது டீச்சரம்மாவுக்குத் தெரியவே இல்லை.

கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருந்தார். மகள் இரண்டடி முன்னால் போனாள். பின்னால் வந்த சீனப் பெண்மணி ஒருவர் ஓடிவந்து தோளைத் தொட்டு, ஒற்றைச் செருப்பை நீட்டியபோதுதான் டீச்சரம்மா குனிந்து பார்த்தார். வலது கால் வெறுங்காலாக இருந்தது.

“பராக்குப் பார்த்துக்கிட்டே வந்தா இப்படித்தான். சின்னப் பிள்ளையாட்டம்!” என்று மகள் சிரித்தாள். டீச்சரம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று நான்கு நாள் கழித்து அவர்களுக்குச் சொன்னவர், கண் தெரியாத ஒரு மனிதர்.

34 வருடம் நின்ற கால்கள்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் 34 வருடம் பாடம் நடத்தியவர் டீச்சரம்மா. ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீட்டுக்காரரே கடைசி வரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார். வகுப்பில் நாற்காலி கிடக்கும், உட்கார மாட்டார். “டீச்சர் உட்கார்ந்தா பிள்ளைங்க படுத்துடும்” என்பார்.

இப்போது 67 வயது. சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் போய் ஒன்றரை வருடம். அவர் போனதிலிருந்து ராத்தூக்கம் போய்விட்டது. படுத்தால் கால் எரியும். “கால்ல மிளகாய்ப்பொடி தூவின மாதிரி இருக்குடி” என்று ஒரே ஒரு முறை போனில் மகளிடம் சொன்னார். அவள் பதறியதும், “இல்லடி, இங்க வெயில் அப்படி” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரே மகள். கோலாலம்பூரில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. “ஒரு மாசம் வந்து இரும்மா” என்று கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தாள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பத்துமலை. 42.7 மீட்டர் உயர முருகனை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, 272 படியையும் வெறுங்காலோடு ஏறி இறங்கினார் டீச்சரம்மா. இறங்கி வந்தபோது உச்சி வெயில். கீழே சிமென்ட் தரை தகித்தது. மகள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினாள். அம்மா நிதானமாக, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து வந்தார். ‘அம்மாவுக்கு என்ன பக்தி!’ என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

அதற்குப் பிறகுதான் ரயில் நிலையத்துச் செருப்பு.

வீட்டில் ராத்திரி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று ஹாலில் விளக்கு எரிவதைப் பார்த்த மகள், அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னதைக் கேட்டு அம்மாவை ரிஃப்ளெக்ஸாலஜிக்கு அழைத்துப்போவது என்று முடிவுசெய்தாள். “பாதத்துல சில இடங்களை அழுத்தினா உடம்பே லேசாயிடுமாம். தூக்கம் நல்லா வருமாம்.”

“எவனோ ஒருத்தன் என் காலைத் தொடுறதா? அதெல்லாம் வேண்டாம்” என்றார் அம்மா.

“உன் காலைத் தொட்டுக் கும்பிட்ட பசங்க எத்தனை பேரு? அது மாதிரி நினைச்சுக்கயேன்.”

செங்கல் சூளை வட்டாரம்

அவர்கள் போனது பிரிக்ஃபீல்ட்ஸ். 1881-ல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து அத்தாப்புக் கூரைக் கோலாலம்பூரை அழித்த பிறகு, செங்கல்லால் ஊரைத் திரும்பக் கட்டினார்கள். அந்தக் காலத்துச் சூளைகள் இருந்த இடம் என்பதால்தான் இந்தப் பெயர். இன்றைக்கு அங்கே துன் சம்பந்தன் சாலையில் இறங்கி நடந்தால் மல்லிகைச் சரம், வாழையிலைச் சாப்பாடு, பட்டுப்புடவைக் கடை என்று மன்னார்குடி மேலராஜ வீதியே எழுந்து வந்த மாதிரி இருக்கும்.

டீச்சரம்மாவின் கண்ணில் பட்டது வேறு. நடைபாதை நெடுகப் புடைத்த கோடுகளோடு மஞ்சள் ஓடு பதித்திருந்தது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு இரண்டு பேர் அதன் மேல் பேசிச் சிரித்தபடி போனார்கள். 1951-ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே தொழில் கற்றுக்கொண்ட பலர் சுற்றுவட்டாரத்திலேயே மசாஜ் நிலையம் வைத்திருக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள்.

மாடிப்படி ஏறிப் போன நிலையம் சின்னது. இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு திரை, மெல்லியதாக ஒரு வானொலி. வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காலடிச் சத்தத்தை வைத்தே திரும்பி, “வாங்கம்மா. பசியாறிட்டீங்களா?” என்றார்.

அந்த ‘பசியாறிட்டீங்களா’வில் டீச்சரம்மாவின் பாதிக் கூச்சம் போய்விட்டது.

கால் மேல் கை வைப்பதற்கு முன்னால் கேள்விகள். வயசு என்ன? ரத்த அழுத்தம் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? காலில் ரத்தம் கட்டியது, எலும்பு முறிந்தது, ஆபரேஷன் ஏதாவது? இனிப்பு நீர் இருக்கா?

“இனிப்பு நீரா?”

“சர்க்கரை வியாதியைத்தான் கேட்கிறார்” என்றாள் மகள். மலேசியத் தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நல்ல தமிழாக இருக்கிறதே என்று டீச்சரம்மா மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

“14 வருஷமா இருக்கு தம்பி.”

“கால் எரியுதா, மரத்துப்போகுதா?”

“ராத்திரியானா எரியும். எரியுற கால் எப்படி மரத்துப்போகும்?”

“ரெண்டும் சேர்ந்தே இருக்கும்மா. செருப்பு கழண்டு விழுறது தெரியாம எப்பவாவது நடந்திருக்கீங்களா?”

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

விரல் நின்ற இடம்

அவர் தன் கைகளைக் கழுவித் துடைத்து, இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் பிடித்தார். அழுத்தவில்லை. சும்மா பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு புறங்கையால் இடது உள்ளங்காலைத் தொட்டார்; வலதைத் தொட்டார்; மறுபடி இடது, மறுபடி வலது. வலது பெருவிரலுக்குக் கீழே, மேடான இடத்தில் தடித்துக் காய்ப்புக் காய்த்திருந்தது. அவருடைய விரல் அங்கே நின்றது.

“இங்க வலிக்குதாம்மா?”

“எங்க?”

அவர் கையை எடுத்துவிட்டார்.

“இந்தக் காலை இன்னைக்கு நான் அழுத்த மாட்டேன்மா. மத்த இடத்தைவிட இந்த இடம் சூடா இருக்கு. தோலுக்கு அடியில லேசாக் கொழகொழன்னு இருக்கு. நான் டாக்டர் இல்லை, என்னன்னு சொல்லத் தெரியாது. நாளைக்கே காட்டிடுங்க. நடக்கிறதைக் குறைங்க.”

காசு வாங்க மறுத்துவிட்டார்.

படியிறங்கும்போது மகளுக்கு எரிச்சலாக வந்தது. அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறாள். தெரு முழுக்க மசாஜ் கடைகள். “என்னமோ மழுப்புறார். பக்கத்துலயே இன்னொன்னு இருக்கு, வா” என்றாள். பக்கத்துக் கடையின் கண்ணாடியில் பாதத்தின் வண்ணப்படம் ஒட்டியிருந்தது. விரல் நுனியில் தலை, அதன் கீழே கண், காது, நடுவில் குடல், குதிகாலில் இடுப்பு. உள்ளே ஒருவர் வழுவழுப்பான மரக்குச்சியால் யாரோ ஒருவரின் உள்ளங்காலை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சரம்மா அசையவில்லை.

“34 வருஷத்துல, ‘டீச்சர், இந்தக் கணக்கு எனக்குத் தெரியலை’ன்னு எந்திரிச்சு நின்னு சொன்ன பிள்ளைங்க கொஞ்சம் பேர்தான். அந்தப் பிள்ளைங்களை நான் நம்புவேன். டாக்டர்கிட்டயே போவோம்.”

“இன்னும் ஆரம்பிக்கலையா?”

மறுநாள் மருத்துவமனை. மருத்துவர் ஒரு சின்னக் கைப்பிடியில் செருகிய நைலான் இழையை எடுத்தார். தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது. தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளைந்துகொடுக்கிற மாதிரி செய்யப்பட்டது. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

“கண்ணை மூடிக்குங்க. தொடுறது தெரிஞ்சா ‘ம்’ சொல்லுங்க.”

மகள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். இழை பெருவிரலில் பட்டது, வளைந்தது, விலகியது. அம்மா பேசவில்லை. அடுத்த விரல், வளைந்தது, விலகியது. அம்மா பேசவில்லை. உள்ளங்காலில் ஒரு இடம், இன்னொரு இடம். இழை ஒவ்வொரு முறையும் வளைவதை மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா கண்ணை மூடி, பரீட்சை எழுதும் பிள்ளையைப்போலக் கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “டாக்டர் இன்னும் ஆரம்பிக்கலையா?”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்துமலையில் தகித்த தரையில் அம்மா நிதானமாக நடந்து வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது அவளுக்கு.

நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் பழுதாகும்போது நடக்கிற விஷயம் இது. கெட்டுப்போன நரம்பு தானாகவே எரிச்சலை அனுப்பும்; அனுப்ப வேண்டிய வலியை அனுப்பாது. அதனால்தான் கால் எரியவும் செய்யும், மரக்கவும் செய்யும். கல் குத்தினாலும் தெரியாது. செருப்பு கடித்தாலும் தெரியாது. வலி தெரிந்தால் நாம் நொண்டுவோம். எடையை மற்ற காலுக்கு மாற்றுவோம். வலி தெரியாதவர் அதே இடத்திலேயே திரும்பத் திரும்ப மிதிப்பார். அங்கே தோல் தடிக்கும். தடித்த தோலுக்கு அடியில் புண் வரும். வெளியே பார்த்தால் வெறும் காய்ப்பு.

காய்ப்பை மருத்துவர் சீவி எடுத்தபோது அடியில் சின்னப் பொத்தான் அளவுக்குப் புண் இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புக்குப் பாதிப்பு இல்லை. கிருமிக்கு மாத்திரை, ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு, முன்பாதத்தில் எடை விழாத மாதிரி ஒரு விசேஷச் செருப்பு, நடமாட்டத்துக்குத் தடை.

கால் சூடு பற்றி மகள் சொன்னதும் மருத்துவர் தலையாட்டினார். ஒரு பாதத்தின் ஓரிடம், அடுத்த பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார்களாம். “யார் கண்டுபிடிச்சது?” என்று கேட்டார். மகள் சொன்னாள்.

“நல்ல கை” என்றார் மருத்துவர்.

காலுக்குப் பதில் கை

இரண்டு நாள் கழித்து மகள் தனியாக அந்த மாடிப்படியை ஏறினாள். நன்றி சொல்லத்தான் போனாள். அவர் முதலில் விசாரித்தது புண் எந்த அளவு என்று. அப்புறம், “அம்மா தூங்கறாங்களா?” என்று கேட்டார்.

“இல்லை. இப்போ பயம் வேற சேர்ந்திருக்கு.”

“அப்போ கூட்டிட்டு வாங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. காலைத் தொட வேண்டாம். கை இருக்குல்ல?”

மருத்துவர் சம்மதித்தார். காரில் வாசல்வரை போய், படியில் மகளின் தோளைப் பிடித்து மெதுவாக ஏறினார் டீச்சரம்மா. ரிஃப்ளெக்ஸாலஜிக்காரர்கள் பாதத்துக்கு வைத்திருப்பது மாதிரியே உள்ளங்கைக்கும் ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். பாதத்தைத் தொடக்கூடாதவர்களுக்குக் கையில் செய்வது உண்டு.

கட்டைவிரலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, கம்பளிப்புழு ஊர்வதைப்போல உள்ளங்கையில் அவர் நகர்த்தினார். எண்ணெய் கிடையாது, கொஞ்சம் பவுடர் மட்டும். வலது கையில், ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் வந்ததும், “எழுதுற கையா?” என்றார்.

“சாக்பீஸ் பிடிச்ச கை.”

“தெரியுதும்மா. இன்னும் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கு.”

விரல்கள் தாமாக மடங்கி இறுகியிருந்தன. அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். பதினைந்து நிமிடத்தில் டீச்சரம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. லேசாகக் குறட்டை வந்தது. ஒன்றரை வருடத்தில் அம்மா பகலில் அயர்ந்து தூங்கி மகள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவரிடம் எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை என்பதை அடுத்தடுத்த வாரங்களில் மகள் கவனித்தாள். நாள் முழுக்க அடுப்படியில் நின்று குதிகால் வலியோடு வந்த சமையல்காரருக்குக் கால்மணி நேரம் கெண்டைக்காலிலேயே போனது. மூன்று மாதம்கூட ஆகாத கர்ப்பிணிப் பெண் ஒருவரை, “டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். டீச்சரம்மாவுக்கு 25 நிமிடம்தான். அதற்கு மேல் போனால் அவருக்கு உடம்பு அசந்துவிடும் என்றார். ஒரு நாள் டீச்சரம்மா நிறையப் பேசினார். அன்றைக்கு அவர் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னொரு நாள் பேச்சே இல்லை, வானொலியையும் நிறுத்திவிட்டார்.

“ஒரு செருப்பை எல்லார் காலுக்கும் போட முடியுமா? அது மாதிரிதான் இதுவும்” என்றார்.

அவருக்கு ஏன் காலைப் பற்றி அத்தனை கவனம் என்று டீச்சரம்மாதான் கேட்டார். அவருடைய அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலில் முள் ஏறியது தெரியாமல் ஒரு வாரம் வேலைக்குப் போயிருக்கிறார். இனிப்பு நீர் இருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

“அப்போ எனக்குப் பன்னெண்டு வயசு. பார்வை அப்பவே கிடையாது. கட்டுப் பிரிச்ச அன்னைக்கு அப்பா காலைத் தேடித் தடவினேன். இந்த இடத்தோட முடிஞ்சிருச்சு” என்று சொல்லித் தன் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. டீச்சரம்மா தன் இடது கையால் அவர் தோளைத் தொட்டார்.

மகள் படித்தவை

மகள் எதையும் தேடிப் படித்துப் பார்க்கிற ரகம். ராத்திரிகளில் போனில் தேடினாள்.

அமெரிக்காவில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட், உடம்பைத் தலை முதல் கால் வரை 10 நீள மண்டலங்களாகப் பிரித்து, ஓரிடத்தை அழுத்தினால் அதே மண்டலத்தின் இன்னொரு இடத்தில் வலி குறைகிறது என்று 1917-ல் எட்வின் பௌவர்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்தவர் யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட். இன்றைக்குக் கண்ணாடிக் கதவுகளில் ஒட்டியிருக்கும் பாதப் படத்துக்கு மூலம் அவர் வரைந்ததுதான். 1938-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பு, ‘பாதங்கள் சொல்லக்கூடிய கதைகள்’ என்ற பொருளில் இருக்கும்.

ஆனால், பாதத்தின் ஓரிடத்துக்கும் கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ அப்படி ஒரு தொடர்பு இருப்பதை உடற்கூறு அறிவியல் காட்டவில்லை. 2009-ல் இங்கிலாந்துப் பேராசிரியர் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் 18 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார். ரிஃப்ளெக்ஸாலஜி எந்த நோய்க்கும் பலன் தரும் சிகிச்சை என்று நம்பும்படியான சான்று இல்லை என்பதுதான் அவர் முடிவு.

அடுத்து படித்தது இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சையில் இருந்த 385 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2012-ல் வெளியிட்டார்கள். வழக்கமான மருத்துவத்தோடு ரிஃப்ளெக்ஸாலஜியும் பெற்றவர்களுக்கு மூச்சுத்திணறல் குறைந்திருந்தது. படியேறுவது, அன்றாட வேலை செய்வது போன்றவை கொஞ்சம் எளிதாகியிருந்தன. வலியிலும் குமட்டலிலும் வித்தியாசம் இல்லை. புற்றுநோயைக் குணமாக்கும் என்று அவர்கள் சொல்லவே இல்லை. அதே குழு பிறகு இன்னொரு ஆய்வு செய்தது. இந்த முறை 256 நோயாளிகள். பாதத்தைப் பிடித்தவர்கள் தொழில்முறை ஆட்கள் அல்ல. கணவர், மகள், சகோதரி, தோழி. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, வீட்டிலேயே நான்கு வாரம் செய்யவைத்தார்கள். நோயாளிகளின் சிரமங்கள் குறைந்தன.

இந்த இடத்தில் மகள் போனைக் கீழே வைத்தாள். ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எழுந்துபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். புழு ஊரவில்லை, கோழி கிளறுகிற மாதிரி இருந்தது.

“குத்துதுடி” என்றார் அம்மா.

“எங்க குத்துது, சொல்லு. மாத்திக்கிறேன்.”

அன்றிலிருந்து தினமும் ராத்திரி இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் போன் அடுத்த அறையில் இருக்கும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தைப் பற்றி அம்மா முதல்முறையாகப் பேசினார். மகளும் அழுதாள். சில நாள் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். தூக்கம் ஒரேயடியாக வந்துவிடவில்லை. இரண்டு மணி வரை எரிந்த விளக்கு பன்னிரண்டுக்கு அணைந்தது, பிறகு பதினொன்றுக்கு.

குடும்பக் குழுவில் ஒரு திருத்தம்

இதற்குள் சேதி வாட்ஸப்பில் ஊருக்குப் போய்விட்டது. போகிற வழியில் கை கால் முளைத்துவிட்டது. ‘மலேசியாவுல கண்ணு தெரியாத ஒரு சாமி, காலைத் தொட்டே சர்க்கரையைக் குணமாக்கிட்டாராம்’ என்று சித்தி ஒருவர் குழுவில் எழுதினார். ‘நம்பர் கிடைக்குமா?’ என்று நாலு பேர் கேட்டார்கள். ஒருவர், இனிமேல் மாத்திரை வேண்டாமா என்று கேட்டிருந்தார்.

டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். கட்டுரை நோட்டைத் திருத்துகிற அதே முகம்.

‘யாரும் எதையும் குணமாக்கவில்லை. என் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையும் ஊசியும் அப்படியேதான். புண்ணை ஆற்றுவது டாக்டர். அந்தத் தம்பி செய்தது, கையை வைத்துப் பார்த்து, இது என் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பியது. அவர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தொட்டுப் பார்த்துச் சொன்னார். சர்க்கரை உள்ளவர்கள் எல்லோரும் இன்று ராத்திரி உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத் தூங்கவும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கவும்.’

அனுப்பிவிட்டு, “பிழை இருக்கா பாரு” என்று மகளிடம் போனைக் கொடுத்தார். பிழை இல்லை. அரை மணி நேரத்தில் திருவாரூர் மாமா தன் உள்ளங்காலைப் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தார். ‘இது என்னன்னு பாருங்க டீச்சர்’ என்று கேட்டிருந்தார். ‘நான் பார்க்கக்கூடாது. காலையில் டாக்டரிடம் போ’ என்று பதில் போனது.

புறப்படும் முந்தின நாள்

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் கட்டைப் பிரித்தார்கள். புண் மூடிப் புதுத் தோல் வந்திருந்தது. தஞ்சாவூரில் தொடர்ந்து காட்ட வேண்டும். வெறுங்காலோடு நடக்கக்கூடாது, கோயிலுக்குப் போனாலும் மெத்தென்ற காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை. எல்லாவற்றையும் டீச்சரம்மா சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் விடைபெற்றார்கள். மஞ்சள் ஓட்டுப் பாதையில் டீச்சரம்மா கவனமாக ஓரமாக நடந்தார். அது அவர்களுடைய பாதை என்றார். அந்தத் தம்பி, “கையைக் கொடுங்கம்மா” என்று வாங்கி ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தார். “சாக்பீஸைக் கீழ வெச்சுட்டீங்க போல” என்றார்.

ராத்திரி பெட்டி கட்டி முடித்து மகள் சோபாவில் சாய்ந்தாள். அன்று முழுக்க அலைச்சல். டீச்சரம்மா வந்து கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, மகளின் காலை இழுத்துத் தன் மடியில் வைத்தார்.

“அம்மா! என்ன இது, நீ போய் என் காலை...” மகள் பதறிக் காலை இழுத்துக்கொண்டாள்.

“வை. பொறந்தப்ப ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கின கால்தான் இது.”

முதலில் புறங்கையால் இடது உள்ளங்காலைத் தொட்டார். அப்புறம் வலது. மறுபடி இடது. ஒரே மாதிரிதான் இருந்தது.

“இங்க அழுத்துறது தெரியுதா?”

“தெரியுதும்மா.”

“இங்க?”

“தெரியுது.”

ஒவ்வொரு விரலாகக் கேட்டுக்கொண்டே போனார் டீச்சரம்மா. மகள் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ சொன்னாள்.